பழைய பெயரில் வந்த காய்ச்சல்

சமரிந்தா,
12 ஜனவரி 1987

அன்புள்ள சுலாசி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் அவரும் நலம். வயிற்றில் இருப்பதும் நலம் என்றுதான் மருத்துவச்சி சொல்கிறாள். நீங்களும் குஸ்னான் மச்சானும் என் மகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

ஐந்தாம் மாதம் நடக்கிறது. முந்தைய இரண்டும் இந்த மாதத்தில்தான் கலைந்தன. அதனால், "கால் தரையில பட்டுச்சுன்னா இதுவும் உனக்கில்ல, சொல்லிட்டேன்" என்று மருத்துவச்சி மிரட்டிவிட்டுப் போயிருக்கிறாள். படுத்தபடியே கூரைப் பலகைகளை எண்ணுகிறேன். நாற்பத்தொன்று. நேற்றும் நாற்பத்தொன்றுதான். சமையல் என் வீட்டுக்காரர் ஹர்தோயோவின் பொறுப்பு. பிளைவுட் ஆலையில் பலகை ஒட்டிப் பழகிய கை அல்லவா, சோறும் அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது.

ராணியைக் கப்பலேற்றி உங்களிடம் அனுப்பி ஐந்து வாரமாகிறது. உங்கள் கடிதத்தில் "ராணி நன்றாக இருக்கிறாள்" என்று ஒரே வரி. இது எனக்குப் போதுமா, நீங்களே சொல்லுங்கள். என்ன தின்றாள், யாரை அடித்தாள், இன்னும் விரல் சூப்புகிறாளா, எல்லாம் வேண்டும். அவள் தும்மினால்கூட எழுதுங்கள். யாராவது முழுப்பெயர் கேட்டால் மகாராணி என்று அவளையே சொல்லவிடுங்கள். அப்போது அவள் மூக்கு மேலே போவதைப் பாருங்கள்.

குஸ்னான் மச்சானுக்கு என் சலாம்.

உங்கள் தங்கை,
முர்த்தினி


(இந்தக் கடிதம் தபாலில் போடப்படவில்லை.)

சுரபாயா,
6 பிப்ரவரி 1987

அன்புத் தங்கை முர்த்தினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் என்று எழுத வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராணி இப்போது தூங்குகிறாள். பிழைத்துவிட்டாள். முதலில் அதைப் படித்துக்கொள்.

ஒன்பது நாளுக்கு முன் காய்ச்சல் வந்தது. வெங்காயத்தை நசுக்கி எண்ணெயில் குழைத்து முதுகில் தேய்த்தேன், உடம்பில் புகுந்த காற்று இறங்கிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம். அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஓட, உன் மச்சான் ஒரு கையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். டெங்கு என்றார்கள். கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள் படுத்திருக்கிறார்கள். இவளுடன் படுத்திருந்த பெண் குழந்தையை நான்காம் நாள் போர்த்தி எடுத்துப் போனார்கள். ராணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை டாக்டரம்மா ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். "தொலைச்சுடாதீங்க. இந்த நோயில நாலு வகை இருக்கு. இப்ப வந்த வகை இனி இவளுக்கு வராது. வேற வகை வந்தா, அது முதல்ல வந்ததைவிட முரடா இருக்கலாம். எந்த ஊர்ல, எப்ப காய்ச்சல் வந்தாலும் இதைக் காட்டுங்க. காய்ச்சல் விட்டுடுச்சேன்னு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, இதுல ஆபத்தே அப்பதான்" என்றார். இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

"சொல்லிடு. பெத்தவ அவ" என்கிறார் மச்சான். சொன்னால் நீ அடுத்த கப்பலில் ஏறிவிடுவாய். ஏறினால் வயிற்றில் இருப்பது தங்காது. உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டு இன்னொன்றை நானே கொல்ல வேண்டுமா?


சுரபாயா,
14 பிப்ரவரி 1987

அன்புத் தங்கை முர்த்தினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் நலம். உன் நலமும் ஹர்தோயோவின் நலமும் அறிய ஆவல்.

ராணிக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கொய்யாச் சாறு விரும்பிக் குடிக்கிறாள். விரல் சூப்புவதை விட்டுவிட்டாள்.

ஒரு விஷயம். நம் சந்தில் இருக்கும் கார்சோ தாத்தா அவளைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொடிசு தலையில ராணிப் பட்டத்தை ஏத்தி வச்சா கழுத்து தாங்குமா? அதான் அடிக்கடி நோவு. பேரு கனம் அதிகம்" என்றார். நான் முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். நம் சித்தப்பா மகனுக்கும் இப்படித்தான் பெயர் மாற்றினார்கள், அதற்குப் பிறகு அவன் ஒரு நாள் படுக்கவில்லை. சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி, நாலு பேரைக் கூப்பிட்டு துஆ ஓதி, ரஹாயு என்று மாற்றிவிடலாமா? சுகமாக இருப்பவள் என்று பொருள் வரும் பெயர். நீயும் ஹர்தோயோவும் சரி என்றால் கஞ்சி காய்ச்சுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுந்து நடக்காதே.

அன்புடன்,
சுலாசி


சமரிந்தா,
3 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கு அனைவரும் நலம், கூரைப் பலகைகளும் நலம்.

பெயர் விஷயத்தை இவரிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஆலையில நாள் பூரா அடுத்தவன் சொல்றதுக்குத் தலையாட்டிட்டு நிக்கிறேன். என் வீட்டுலயாவது ஒரு மகாராணி இருக்கட்டும்னு வச்ச பேரு. அதைக் கஞ்சிய ஊத்திக் கழுவணுமா?" என்று கேட்டார். மறுநாள் அவராகவே, "புள்ள நல்லா இருந்தா சரி. மாத்தச் சொல்லு" என்றார்.

எனக்கும் சம்மதம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சளிக்கு அரை வரி எழுதினீர்கள், கஞ்சிக்கு அரைப் பக்கம் எழுதினீர்கள். சளி மட்டும்தானே?

உங்கள் தங்கை,
முர்த்தினி


சுரபாயா,
22 மார்ச் 1987

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம். நலமே வரட்டும்.

வெள்ளிக்கிழமை பெயர் மாற்றினோம். பனைவெல்லம் போட்ட சிவப்புக் கஞ்சி நன்றாக வந்தது, வெள்ளையில் தேங்காய்ப்பால் சற்றுக் கூடிவிட்டது. பதினோரு பேர் வந்தார்கள். கார்சோ தாத்தா துஆ ஓதி, அவள் தலையில் கை வைத்து, "இன்னையிலேர்ந்து நீ ரஹாயு" என்றார். உன் மகள் என்ன கேட்டாள் தெரியுமா? "அப்ப ராணி எங்க போனா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஊருக்குப் போயிட்டா, இனி வரமாட்டா" என்றார் தாத்தா. அவள் சமாதானமாகி இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

முறை உனக்குத் தெரிந்ததுதான். பழைய பெயரைச் சொல்லி இனி யாரும் கூப்பிடக்கூடாது. அந்தப் பெயரில் பட்ட நோவைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது. பேசினால் வழி தெரிந்து திரும்பி வரும் என்பார்கள். அந்தப் பெயர் எழுதிய காகிதம் ஏதும் வீட்டில் தங்கக்கூடாது என்றார் தாத்தா. ஒரு அட்டை இருந்தது. அதை மாஸ் ஆற்றில் விட்டுவிட்டேன். ஆகவே நீ கேட்ட கேள்விக்கு நான் இனி பதில் எழுத முடியாது, முர்த்தினி. நீயும் கேட்காதே.

பிரசவம் நல்லபடி முடியட்டும்.

அன்புடன்,
சுலாசி


சமரிந்தா,
10 ஜூலை 1987

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான், அவர், ரஹாயு, செனோ, நால்வரும் நலம். பார்த்தீர்களா, இப்போது எண்ணிக்கை கூடிவிட்டது! செனோவுக்கு இரண்டு மாதம். பால் குடிப்பான், அழுவான், மறுபடியும் பால் குடிப்பான். அப்படியே அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான்.

குஸ்னான் மச்சான் ரஹாயுவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். கப்பலில் இரண்டு நாளும் அவளுக்குக் கதை சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் இறங்கினார். வந்த அன்றே நான் வாய் தவறிப் பழைய பெயரைச் சொல்லிவிட்டேன். "அவ ஊருக்குப் போயிட்டா" என்று என்னைத் திருத்தினாள்.

மாதாமாதம் குழந்தைகளை எடை போடும் இடத்துக்குச் செனோவைத் தூக்கிப் போனேன். வெள்ளை உடுப்பில் நர்ஸைப் பார்த்ததும் ரஹாயு பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். முழங்கையின் உள்பக்கத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தாள். இழுத்தும் வரவில்லை. எதற்கு இப்படிப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தைகள் எதற்கு வேண்டுமானாலும் பயப்படும்.

நீங்கள் தைத்து அனுப்பிய இரண்டு சட்டைகளும் சரியான அளவு. மஞ்சளைத்தான் கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

உங்கள் தங்கை,
முர்த்தினி


சுரபாயா,
18 ஜனவரி 1988

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ஜூலைக் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் போடாததற்கு மன்னித்துவிடு. பள்ளிச் சீருடை தைக்கும் வேலை என்று சொல்லலாம். வேலை இருந்ததும் உண்மைதான்.

இங்கே மழை தொடங்கியதிலிருந்து டெங்கு. எங்கள் சந்தில் மட்டும் மூன்று குழந்தைகள். மேட்டுத் தெருவில் ஒன்று இறந்துவிட்டது. உங்கள் கலிமந்தான் பக்கமும் பரவுகிறது என்று மச்சான் பத்திரிகையில் பார்த்தார். அதைக் கேட்டதும் தையலை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

குளியலறைத் தொட்டியை வாரம் ஒரு முறை முழுக்கக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவு. பூச்சாடிக்கு அடியில் தண்ணீர் நிற்கவிடாதே. ரஹாயுவுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்துச் சுகாதார நிலையத்தோடு நிறுத்தாதே, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே டாக்டர் முன்பு ஏதாவது வந்ததா என்று கேட்டால் நீ

இதற்குமேல் எழுத முடியவில்லை. கஞ்சி காய்ச்சியவள் நான். நானே முறையை மீறினால் என்ன வரும் என்று பயமாக இருக்கிறது.

காய்ச்சல் விட்டாலும் வீட்டுக்குக் கூட்டி வராதே. இது மட்டும் நினைவு வை.

அன்புடன்,
சுலாசி


சமரிந்தா,
9 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இவர் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். அதற்குள் இருந்த மீன் போன துக்கத்தில் ரஹாயு மதியம் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டு வரிசையிலும் இரண்டு வீட்டில் காய்ச்சல். பயப்படாதீர்கள், இவள் நன்றாக இருக்கிறாள். நாலு வயது முடிந்து வாய் நாற்பது வயதுக்குப் பேசுகிறது.

நீங்கள் பாதியில் நிறுத்திய வரியைப் பார்த்தேன். முடிக்க வேண்டாம், அக்கா. நானும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டதால்தானே ஒரு வருடமாக இவள் நன்றாக இருக்கிறாள்?

உங்கள் தங்கை,
முர்த்தினி


சுரபாயா,
27 பிப்ரவரி 1988

முர்த்தினி,

உன் கடிதம் நேற்று வந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. இன்று மேட்டுத் தெருவில் துக்கம் நடந்த வீட்டுக்குப் போனேன். அந்தக் குழந்தைக்குப் போன வருடமும் டெங்கு வந்திருந்ததாம். "ஒரு தடவை வந்தாச்சு, இனி வராதுன்னு இருந்துட்டோம்" என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

என்ன வந்தாலும் என் தலையில் வரட்டும். எழுதிவிடுகிறேன். போன வருடம் உன் மகள் டெங்குவில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சளி இல்லை. அங்கிருந்தே உனக்கு எழுதி, ஆற்றில் விட மனம் வராமல் ஒளித்து வைத்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், அதில் டாக்டர் சொன்னதெல்லாம் இருக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு டாக்டரிடம் காட்டு, இப்போதே. காய்ச்சல் வரும்வரை காத்திருக்காதே. ஆற்றில் விட்ட அட்டைக்குப் பதில் இதுதான் இருக்கிறது.

அவசரத் தபாலில் போடுகிறேன். உன் கோபத்துக்கு நான் தயார்.

சுலாசி


சமரிந்தா,
9 மார்ச் 1988

மதிப்புக்குரிய மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தந்தி கிடைத்திருக்கும். முர்த்தினியால் எழுத முடியாததால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது, பிழை இருந்தால் பொறுக்கவும்.

பிப்ரவரி 25, வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. முதலில் முர்த்தினி நாணயத்தை எண்ணெயில் தொட்டு முதுகில் தேய்த்தாள். சனிக்கிழமை நீங்கள் எழுதியிருந்தபடி பெரிய ஆஸ்பத்திரிக்கே போனோம். கூட்டம். முதுகு முழுக்கத் தேய்த்த சிவப்புக் கோடுகள், அதில் டெங்குப் புள்ளி இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியில் உட்காரவைத்து மருந்து கொடுத்தார்கள், தினமும் வரச் சொன்னார்கள். திங்கள் காலை காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, முன்பு இந்த மாதிரி ஏதும் வந்ததில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். வந்ததில்லை என்று சொல்லிக் கூட்டிவந்தோம். எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். நான் அவளுக்குக் கோழி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கை கால் சில்லிட்டிருந்தது. வயிறு வலிக்கிறது என்று நெளிந்தாள். ஆலை லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். செவ்வாய் நண்பகல் போய்விட்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

உங்கள் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. நான்தான் பிரித்தேன். முர்த்தினியிடம் காட்டவில்லை. அந்த டாக்டரிடம் வந்ததில்லை என்று சொன்னது அவள்தான். இதைப் படித்தால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள், செனோ தாய்ப்பால் குடிக்கிறான். ஆகவே நீங்களும் இதைப் பற்றி எழுத வேண்டாம். உங்களைக் குற்றம் சொல்ல இப்போது எனக்குத் தெம்பு இல்லை. பிறகு சொல்வேனோ என்னவோ.

ஹர்தோயோ


சுரபாயா,
18 மே 1988

அன்புத் தங்கை முர்த்தினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து. என் உள்ளத்தாலும் உடலாலும் உனக்குச் செய்த பிழைகள் யாவற்றையும் மன்னிக்கக் கேட்கிறேன்.

ஏழாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் நான் வரவில்லை. கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று மச்சான் எழுதியிருப்பார். செனோ நடக்கிறானா? நீ சாப்பிடுகிறாயா?

சுலாசி


சமரிந்தா,
15 ஜூன் 1988

சுலாசி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நூறாம் நாள் துஆ போன வாரம் புதன்கிழமை முடிந்தது. உங்கள் பெருநாள் கடிதம் வந்தது. பெருநாளைக்கு ஊரே ஊரிடம் கேட்கும் மன்னிப்பைத்தான் நீங்களும் கேட்டிருந்தீர்கள். ஏன் அதற்குமேல் எழுதவில்லை என்று போன வாரம்தான் புரிந்தது. இவருடைய கருவிப் பெட்டியில் ஸ்பேனர் தேடினேன். அடியில் உங்கள் இரண்டு கடிதங்களும் இருந்தன. இவரைக் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னார்.

இவர் பயந்ததுபோல் நான் செத்துவிடவில்லை. ஏனென்றால் அவற்றில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

போன வருடம் மச்சான் அவளைக் கொண்டுவந்து விட்ட மூன்றாம் நாள், தலை வாரிக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள். "பெரியம்மா என்னைப் பெரிய வீட்டுல படுக்க வச்சாங்கம்மா. இங்க ஊசி. மேல பாட்டில் தொங்கும். என் கட்டில்ல ஒரு பாப்பா தூங்கிப்போச்சு, அதைப் போர்த்தித் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன், அக்கா. இந்தக் கையால் பொத்தினேன். "அது ராணிக்கு நடந்தது. நீ ரஹாயு. இனி இதை யார்கிட்டயும் சொல்லாத, சொன்னா திரும்பி வந்துடும்" என்றேன். அவள் சமர்த்து. பிறகு சொல்லவேயில்லை. வெள்ளை உடுப்புக்குப் பயப்படுகிறாள், ஏன் என்று தெரியவில்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய். தெரிந்துதான் எழுதினேன். நீங்கள் என்ன பதில் போடுகிறீர்கள் என்று பார்க்க நினைத்தேன். ஆறு மாதம் பதில் வராதபோது, வராததே நல்லது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை டாக்டர், "இதுக்கு முன்னாடி இவளுக்கு டெங்கு வந்திருக்கா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவளே, "ஊசி போட்டாங்க, பாட்டில் தொங்குச்சு" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "கனவுல கண்டதை உளறுறா டாக்டர். வந்ததில்லை" என்றேன். உள்ளே சொல், சொல் என்று ஒன்று அடித்துக்கொண்டது. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இப்போது பெயரைச் சொல்லி எதற்கு அதைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் எழுதியிருந்தீர்கள், காய்ச்சல் விட்டாலும் வீட்டுக்குக் கூட்டிவராதே என்று. அதுவும் நினைவில் இருந்தது. அவள் கஞ்சி கேட்டாள், நான் சந்தோஷத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்த பிறகு அதே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல்லயே தெரிஞ்சிருந்தா நேத்து நான் வீட்டுக்கு விட்டிருக்க மாட்டேன்மா" என்றார். பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியாது என்றார். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இனி ஆயுள் முழுக்க நாம் இரண்டு பேரும் அதைத் தெரியாமலேதான் இருக்க வேண்டும்.

உங்களை மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. உங்களை மன்னித்தால் என்னையும் மன்னிக்க வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும். மன்னிக்காமலே கூப்பிடுகிறேன், அடுத்த கப்பலில் வாருங்கள். இவருக்கு முன்னால் உட்கார்ந்து நாம் இருவரும் அழவேண்டும். அவரும் ஒருநாள்கூட அழவில்லை.

வெள்ளிக்கிழமை செனோவுக்குக் காய்ச்சல் வந்தது. எண்ணெயும் தேய்க்கவில்லை, நாணயமும் தேய்க்கவில்லை. உடம்பு தெரிய வேண்டும் என்று சட்டையைக் கழற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வேறு யாருக்காவது டெங்கு வந்திருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். "இவன் அக்காவுக்கு. ரெண்டு தடவை. முதல் தடவை சுரபாயாவுல, மூணு வயசுல, அப்ப அவ பேரு மகாராணி. ரெண்டாவது தடவை இங்கதான். பேரு ரஹாயு. செத்துட்டா" என்றேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பெயரைச் சொல்கிறேனே என்ற பயம். நான் விடவில்லை, இரண்டு பெயரையும் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காய்ச்சல் விட்டது. ரத்தம் பார்த்துவிட்டு டெங்கு இல்லை, சாதாரணக் காய்ச்சல், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கட்டில் இன்னொரு குழந்தைக்கு வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நடையில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், இன்றோடு இரண்டு நாள். "ஒண்ணுமில்லம்மா, புள்ள விளையாடுறான் பாருங்க, போங்க" என்று வருகிற நர்ஸ் எல்லாம் சொல்கிறாள். இவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார், எழுந்திரு என்று சொல்வதில்லை.

செனோ என் மடியில்தான் இருக்கிறான். எழுதுவதை நிறுத்தி நிறுத்தி அவன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கிறேன். இப்போது சூடாக இருக்கிறது.

முர்த்தினி